சளி, காய்ச்சலின்போது மூழ்குநருக்கு ஏற்படும் நெஞ்சுவலி

சளி, காய்ச்சலின்போது மூழ்குநருக்கு ஏற்படும் நெஞ்சுவலி என்பது, தடுமன் அல்லது இன்ஃபுளுவென்சா போன்ற மூச்சுத்தொற்று உள்ள ஒருவர் நீருக்கடியில் சென்று மீளும்போதோ, மீண்ட சில மணி நேரத்திற்குள்ளோ உணரும் நெஞ்சுவலியைக் குறிக்கும். கரையில் இருப்போருக்குச் சளியோடு வரும் நெஞ்சுவலி பெரும்பாலும் இருமி இருமித் தசை நொந்து போவதால் வருவது. சில நாட்களில் தானே தணிந்துவிடும். அதே சளியோடு கடலில் இறங்கியவருக்கு அவ்வலி நுரையீரல் கிழிந்ததன் அடையாளமாக இருக்கக்கூடும். இவ்விரண்டு வலிகளும் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றுவதால், சளியால் வந்த வலிதானே என்று காலம் கடத்திவிடும் வாய்ப்பு மிகுதி. மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் நெடுங்காலமாக நடைபெற்று வந்துள்ளதால், அக்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

பெயர்கள்

மூக்கொழுகல், தும்மல், தொண்டைக் கரகரப்பு ஆகியவற்றோடு வரும் எளிய வைரசுத் தொற்று தமிழகத்தின் பல பகுதிகளில் சளி அல்லது சலதோசம் எனப்படுகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் தடுமன், தடுமம் என்றும், ஈழத்தில் தடிமன் என்றும் வழங்குவர். இன்ஃபுளுவென்சா இதிலிருந்து வேறுபட்டது. அது திடீரெனக் கடுங்காய்ச்சல், உடல்வலி, சோர்வு ஆகியவற்றோடு தொடங்கும். பேச்சு வழக்கில் இரண்டையும் சேர்த்தே "சளிக்காய்ச்சல்" என்று சொல்வதுண்டு. மருத்துவ நோக்கில் இவ்வேறுபாடு முதன்மையானது. சாதாரணத் தடுமன் பெரும்பாலும் மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிட, இன்ஃபுளுவென்சா நுரையீரலையும் சில வேளைகளில் இதயத்தையும் தாக்குகிறது.

கரையில் ஏற்படும் நெஞ்சுவலி

மூழ்குநரின் வலியைப் புரிந்துகொள்வதற்கு, கடலுக்குப் போகாத ஒருவருக்குச் சளியின்போது நெஞ்சு ஏன் வலிக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

மிகப் பரவலான காரணம் இருமல். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை வேகமாகச் சுருங்கி விரிவதால் நொந்துபோகின்றன. விலா எலும்பு நெஞ்செலும்போடு சேருமிடத்திலுள்ள குருத்தெலும்பு அழற்சியுற்றாலும் இவ்வாறே வலிக்கும். இவ்வகை வலியின் அடையாளம், வலிக்கும் இடத்தை ஒரு விரலால் சுட்டிக்காட்ட முடிவதும், அவ்விடத்தை அழுத்தினால் வலி கூடுவதும் ஆகும். இரண்டாவது, மூச்சுக்குழல் அழற்சி. நெஞ்செலும்புக்குப் பின்னால், நடுவில், தோல் உரிந்த புண்ணில் காற்றுப் பட்டதுபோன்ற எரிச்சல் இருக்கும்; இருமும்போது கூடும்.

நுரையீரலைச் சுற்றியுள்ள உறை அழற்சியுற்றால் மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும் ஊசி குத்துவதுபோல் வலிக்கும். இதனோடு காய்ச்சல், நிறமுள்ள சளி, மூச்சு வாங்கல் ஆகியனவும் இருந்தால் நுரையீரல் அழற்சி ஏற்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். காக்சாக்கி பி வகை வைரசுகளால் உண்டாகும் ஒரு விலாத்தசை நோயும் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த போர்ன்ஹோம் தீவின் பெயரால் அறியப்படும் அந்நோயில் வலி விட்டுவிட்டு வந்து மிகக் கடுமையாக இருக்கும். ஆயினும் பெரும்பாலும் தானே குணமாகிவிடும்.

இதயம் சார்ந்த வலி இவற்றினும் அரிதானது, ஆனால் தவறவிடக் கூடாதது. வைரசுத் தொற்று இதய உறையையோ இதயத் தசையையோ தாக்கலாம். இதய உறை அழற்சியில் மல்லாந்து படுத்தால் வலி கூடும்; முன்னோக்கிச் சாய்ந்து அமர்ந்தால் குறையும். மாரடைப்பும் தொற்றைத் தொடர்ந்து வரக்கூடும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் செய்யப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வொன்று, ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்ட இன்ஃபுளுவென்சாவுக்குப் பிந்தைய 7 நாட்களில் மாரடைப்பு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 6 மடங்காக உயர்வதைக் காட்டியது. நெஞ்சின் நடுவில் பாரம் வைத்ததுபோன்ற வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மயக்கம் ஆகியவற்றைச் "சளிக்கட்டு" என்று தள்ளிவைத்தல் கூடாது.

இவை எல்லாம் கரையிலிருக்கும் எவருக்கும் பொருந்துவன. மூழ்குநருக்கு இவற்றோடு அழுத்தம் என்ற இன்னொன்றும் சேர்கிறது.

தூத்துக்குடிக் கரையின் மூழ்கு முறைகள்

கி. பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரையக் கடற் பயண நூல், கொற்கையில் முத்துக்குளிப்பு நடந்ததையும், தண்டனை பெற்ற கைதிகள் அதில் ஈடுபடுத்தப்பட்டதையும் குறிப்பிடுகின்றது. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோவும் இம்முத்துக்குளிப்பை விவரித்துள்ளார். பிற்காலத்தில் இத்தொழிலின் மையம் தூத்துக்குடிக்கு நகர்ந்தது. முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைப் படுகைகள் "பார்" எனப்படுகின்றன. முத்துக்குளிப்பு பொதுவாக மார்ச்சு முதல் மே வரையிலான, கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் நடத்தப்பட்டது. தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள பார்களில் 1955 முதல் 1961 வரை நடந்த தொடர் முத்துக்குளிப்பே இறுதியானது. நடுவண் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் 1973 இல் வளர்ப்பு முத்தை உருவாக்கியதைத் தொடர்ந்து ஆய்வாளர்களின் கவனம் வளர்ப்பு முறையின் பக்கம் திரும்பியது. சங்குகுளிப்பு மட்டும் தொடர்கிறது. தூத்துக்குடி நகரின் திரேசுபுரம் சங்குகுளி மீனவர்கள் மிகுந்த பகுதியாகும். வங்காளத்தில் மணமான பெண்கள் அணியும் சங்கு வளையல்களுக்கான மூலப்பொருள் நெடுங்காலமாக இக்கரையிலிருந்தும் சென்றுள்ளது.

பழைய முறையில் மூழ்குநர் கயிற்றில் கட்டிய கல்லின் மீது கால் வைத்து, மூச்சை இழுத்து அடக்கி, மூக்கைக் கையால் பொத்திக்கொண்டு கீழே இறங்குவார். கல்லின் எடை அவரை விரைவாக அடிக்குக் கொண்டுசேர்க்கும். ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் கைக்கெட்டிய சிப்பிகளைப் பையில் சேர்த்துவிட்டுக் கயிற்றை அசைக்க, படகில் இருப்பவர் இழுத்து மேலேற்றுவார். ஐந்து முதல் பத்துப் பாகம் வரையிலான ஆழம் இம்முறையில் இயல்பானது. ஒரு பாகம் என்பது ஏறத்தாழ 1.8 மீட்டர்.

அண்மைப் பத்தாண்டுகளில் சங்குகுளிப்பில் கம்ப்ரசர் முறை பரவியது. படகில் பொருத்திய காற்றழுத்த இயந்திரத்திலிருந்து நீண்ட குழாய் வழியாக வரும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு மூழ்குநர் அடியில் நடந்து சங்கு தேடுகிறார். ஒரு நிமிடம் என்ற எல்லை இல்லாமல் போனதால் ஆழமும் நேரமும் கூடின. வெளிப்பார்வைக்கு இது பாதுகாப்பான முன்னேற்றமாகத் தோன்றினாலும், நுரையீரலைப் பொறுத்தவரை இவ்விரண்டு முறைகளும் முற்றிலும் வேறான இரண்டு இயக்கங்கள் ஆகும். சளியின் விளைவும் இரண்டிலும் வேறுபடுகிறது.

அழுத்தமும் நுரையீரலும்

கடல்மட்டத்தில் நம் உடல் மீது ஒரு வளிமண்டல அழுத்தம் உள்ளது. கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் மேலும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. வெப்பநிலை மாறாதிருக்கும்போது, ஒரு குறிப்பிட்ட அளவு வளிமத்தின் அழுத்தமும் கன அளவும் ஒன்றுக்கொன்று எதிர்விகிதத்தில் மாறும் என்பது பாயிலின் விதி. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துவிடும் இவ்விதியே மூழ்குநரின் உடலில் நடப்பவற்றுள் பாதியை விளக்கிவிடுகின்றது.

மூச்சடக்கி மூழ்குபவர் மேலே 6 லிட்டர் காற்றை நிரப்பிக்கொண்டு இறங்கினால், அக்காற்று 10 மீட்டரில் 3 லிட்டராகவும் 20 மீட்டரில் 2 லிட்டராகவும் சுருங்கும். திரும்ப மேலே வரும்போது விரிந்து அதே 6 லிட்டராகும். தொடக்க அளவைவிட ஒருபோதும் கூடாது. எனவே இம்முறையில் நுரையீரல் மிகைவிரிவால் கிழிவதில்லை. இங்குள்ள இடர் எதிர்த்திசையிலானது. நுரையீரலில் எப்போதும் எஞ்சி நிற்கும் ஒன்றேகால் லிட்டர் அளவிலான காற்றின் கன அளவுக்கும் கீழே சுருக்கம் போகுமாயின், குருதி நுரையீரலுக்குள் இழுக்கப்பட்டு, நுண்குழாய்கள் கசியத் தொடங்கும். நெஞ்சில் இறுக்கமும், மேலே வந்தபின் இருமலோடு குருதி கலந்த சளியும் தோன்றும். முத்துக்குளிப்போருக்கு மூக்கிலும் காதிலும் குருதி வந்ததாகப் பயணிகள் பலர் எழுதியுள்ளனர். அது பெரும்பாலும் சைனசு அறைகளிலும் நடுச்செவியிலும் ஏற்பட்ட அழுத்தக் காயமாதல் வேண்டும்.

கம்ப்ரசர் முறையில் கணக்கு தலைகீழாகின்றது. 10 மீட்டர் ஆழத்தில் உள்ளவர் அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே 6 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். மூச்சை விடாமல் மேலே வந்தால் அது 12 லிட்டராக விரிய முயலும். நுரையீரலால் அதற்கு இடந்தர இயலாது. இயல்பாக மூச்சுவிட்டுக்கொண்டே மெதுவாக எழுவதே இதற்குத் தற்காப்பு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 20 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு வரும்போது காற்று ஒன்றரை மடங்காக மட்டுமே விரிகிறது. 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது இரு மடங்காகிறது. ஆகவே "ஆழமில்லாத இடம், சளியோடு இறங்கினால் ஒன்றும் ஆகாது" என்ற எண்ணத்திற்கு இயற்பியலில் இடமில்லை. அழுத்தக் காற்றை முழுமையாக உள்ளிழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு எழுவோருக்கு ஒன்று, ஒன்றரை மீட்டர் ஆழமே நுரையீரல் கிழியப் போதுமானது.

சளியின் பங்கு

மூச்சுக்கிளைக் குழாய்கள் மூச்சை உள்ளிழுக்கும்போது சற்று விரியும். வெளிவிடும்போது சற்றுச் சுருங்கும். ஆரோக்கியமான நுரையீரலில் இவ்வேறுபாட்டால் தீங்கில்லை. ஆனால் ஒரு சிறு குழாயில் கெட்டியான சளி தேங்கியிருந்தால், விரியும்போது காற்று சளியைத் தாண்டி உள்ளே போய்விடும்; சுருங்கும்போது வெளியே வர இயலாது. நீர் இறைக்கும் குழாயில் பொருத்தும் ஒருவழி அடைப்பிதழை ஒத்த நிலை இது. அச்சளித் துளிக்குப் பின்னாலுள்ள காற்றறைகள் அடைபட்ட பலூன்களாகின்றன. மூழ்குநர் எவ்வளவு முறையாக மூச்சுவிட்டுக்கொண்டு எழுந்தாலும் அப்பகுதியிலுள்ள காற்று மட்டும் வெளியேறாமல் விரிந்துகொண்டே போகும். நன்கு பயின்ற, தவறேதும் செய்யாத மூழ்குநருக்கும் சளியோடு இறங்கும்போது காயம் ஏற்படக்கூடும் என்பதற்கு இதுவே காரணம். ஈளை எனப்படும் ஆசுதுமா உடையோருக்கும், பழைய காசநோயால் நுரையீரலில் குழிவுகள் உள்ளோருக்கும் இதே விளக்கம் பொருந்தும்.

சளியோடு இறங்கும் ஒவ்வொருவருக்கும் இவ்வாறு நேர்வதில்லை. பெரும்பாலானோர் நலமாகவே மேலே வருகின்றனர். பத்து முறை ஒன்றும் ஆகாததால் பதினோராவது முறையும் இறங்கும் துணிவு வருகிறது.

இருமல் தன்னளவிலேயே ஓர் இடர். இருமுவதற்கு முன் குரல்வளை ஒரு கணம் மூடிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் கூடும். பின்னரே திறந்து காற்று சீறி வெளிவரும். மேலேறிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால், காற்று விரிந்துகொண்டிருக்கும் அதே வேளையில் வழி மூடப்படுகின்றது. அடியில் இருக்கும்போது தொடர் இருமல் வந்தால் வாயிலுள்ள குழாய் நழுவிக் கடல்நீர் உள்ளே போகலாம்; அதனால் அஞ்சி வேகமாக மேலே வருதலும் நேரும். நுரையீரல் கிழிவதற்கு வேண்டிய சூழல்கள் யாவும் அப்போது ஒருங்கே அமைந்துவிடுகின்றன.

மூக்கும் காதும் நெஞ்சுவலியோடு நேரடித் தொடர்பு இல்லாதவை. ஆயினும் அவற்றை ஒதுக்கிவிட முடியாது. தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் சளியால் வீங்கி அடைபட்டால் செவியின் அழுத்தத்தைச் சமன்செய்ய இயலாது. பலர் மருந்துக்கடையில் மூக்கடைப்பு மாத்திரையோ மூக்குச் சொட்டு மருந்தோ வாங்கிப் பயன்படுத்திவிட்டு இறங்குவர். மூக்கும் காதும் திறந்துவிடும்; உடல் சரியாகிவிட்டது என்ற எண்ணம் வரும். ஆனால் அம்மருந்துகள் நுரையீரலின் சிறு குழாய்களில் தேங்கிய சளியை அகற்றுவதில்லை. மேலும் மருந்தின் வேகம் ஆழத்தில் இருக்கும்போதே குறைந்துவிட்டால், எழும்போது செவியிலும் சைனசிலும் காற்று அடைபட்டுக் கடும்வலி தரும். சளி மாத்திரைகளுள் பலவற்றில் தூக்கம் வரச்செய்யும் மருந்துகளும் சேர்ந்திருக்கும். கடல்நீர் மூக்கைக் கழுவித் திறக்கும் என்பது ஓரளவு உண்மை. உப்புநீரால் மூக்கைக் கழுவும் மருத்துவ முறையும் உண்டு. அந்நன்மை மூக்கோடு முடிகிறது.

எழுந்தபின் தோன்றும் வலி

கரைக்கு வந்த ஒருவர் "தடுமன் பிடித்திருக்கிறது, நெஞ்சு வலிக்கிறது" என்று சொல்லும்போது, வலி எங்கே என்பதைவிட எப்போது தொடங்கியது என்பதே முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. இறங்குவதற்கு முன்பே இருந்த வலி தொற்றைச் சார்ந்ததாக இருக்கலாம். இறங்கும்போது தோன்றி எழுந்ததும் தணிந்த இறுக்கம் அமுக்கத்தால் வந்திருக்கலாம். எழும்போதோ எழுந்த சில நிமிடங்களிலோ தொடங்கிய வலி, வேறு காரணம் உறுதியாகும் வரை நுரையீரல் அழுத்தக் காயமாகவே கருதப்பட வேண்டும்.

நுரையீரலிலிருந்து கசியும் காற்று போகக்கூடிய வழிகள் மூன்று. நெஞ்சின் நடுப்பகுதிக்குள் சென்றால், நெஞ்செலும்புக்குப் பின்னால் மந்தமான வலி, விழுங்கும்போது தடை, குரல் மாற்றம் ஆகியன தோன்றும். காற்று கழுத்துக்கு ஏறினால், தோலை அழுத்தும்போது மணல் நெறிபடுவதுபோன்ற ஓசையும் உணர்வும் இருக்கும். சளியால் குரல் கம்முவதும் உண்டாகையால் குரல் மாற்றத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. ஆனால் கழுத்தில் நெறிபடும் உணர்வைச் சளி பொதுவாகத் தராது. காற்று நுரையீரல் உறைக்குள் சென்றால் அது வளிமார்பு. ஒரு பக்கத்தில் திடீரென்று குத்தும் வலியும் மூச்சுத்திணறலும் வரும். மூன்றாவதும் மிகக் கொடியதுமான வழி, காற்றுக்குமிழ்கள் குருதிக்குள் நுழைந்து இதயம் வழியாக மூளைக்குச் செல்வது. மேலே வந்த 10 நிமிடத்திற்குள் மயக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கைகால் செயலிழப்பு, பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினால் அதனை இதுவாகவே கொள்ள வேண்டும்.

நேரம் கழித்து வரும் வலி வேறொன்றைக் குறிக்கலாம். அழுத்தக் காற்றைச் சுவாசித்து நெடுநேரம் ஆழத்தில் இருந்தவரின் உடலில் நைட்டிரசன் கரைந்து சேர்கிறது. விரைந்து மேலே வந்தால் அது குமிழ்களாகப் பிரியும். சோடாப் புட்டியைத் திறந்ததும் குமிழ்கள் எழுவதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. இது அழுத்தத் தளர்வு நோய் எனப்படும். பெரும்பாலோருக்கு மூட்டுவலியாகவும் தோல் அரிப்பாகவும் வரும் இந்நோய், சிலருக்கு நுரையீரலைத் தாக்கும்போது நெஞ்செலும்புக்குப் பின்னால் எரிச்சல், வறட்டு இருமல், ஆழமாக மூச்சிழுக்க இயலாமை ஆகியவற்றைத் தருகின்றது. மூச்சுக்குழல் அழற்சிக்கு மேலே சொன்ன அடையாளங்களும் ஏறத்தாழ இவையே. ஏற்கெனவே சளி உள்ளவர் இதனைச் சளி முற்றியதாக எண்ணி வெந்நீர் குடித்துப் படுத்துவிடக்கூடும். சில மணி நேரத்தில் நிலைமை உயிருக்கு ஊறாகலாம்.

நான்காவதாக, காற்றின் தூய்மை. கம்ப்ரசரின் காற்றெடுக்கும் வாய், அதனை இயக்கும் எஞ்சினின் புகைபோக்கிக்கு அருகில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு குழாயில் கலக்கும். தலைவலி, குமட்டல், நெஞ்சிறுக்கம், மயக்கம் ஆகியன தோன்றும். கசியும் மசகெண்ணெய் ஆவியாகவும் நுண்துளியாகவும் நுரையீரலுக்குச் சென்று அழற்சியை உண்டாக்கலாம். அதன் இருமலும் சளி இருமலை ஒத்திருக்கும். ஒரே குழாயில் காற்று வாங்கிய பலருக்கும் ஒரே நாளில் தலைவலி வந்தால், ஐயப்பட வேண்டியது இயந்திரத்தையே. காற்றெடுக்கும் வாயைப் புகைபோக்கியிலிருந்து விலக்கிக் காற்று வரும் திசையில் உயரமாக வைப்பது எளிய, செலவு குறைந்த தற்காப்பு.

முதலுதவியும் மருத்துவமும்

எழுந்தபின் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ மயக்கமோ ஏற்பட்டவரை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். நினைவில்லாதவரை, மூச்சுவழி அடைபடாதவாறு ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். கிடைக்குமிடத்தில் முழுமையான ஆக்சிசன் கொடுக்க வேண்டும். வலி தணியுமென்று மீண்டும் கடலுக்குள் இறக்குவது உலகின் பல மூழ்கு கரைகளில் காணப்படும் பழக்கம். வளிமார்பு உள்ளவரை அவ்வாறு இறக்கினால், மேலே வரும்போது அடைபட்ட காற்று விரிந்து உயிர் போகலாம். கடலில் இருக்கும்போது இந்தியக் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணிலும், கரையில் அவசர ஊர்தியை 108 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

மருத்துவமனையில் சொல்ல வேண்டிய முதல் செய்தி, நோயாளி கடலில் மூழ்கியவர் என்பதாகும். எவ்வளவு ஆழம், எத்தனை முறை, எவ்வளவு நேரம், மூச்சடக்கியா கம்ப்ரசரிலா, எழுந்து எவ்வளவு நேரத்தில் வலி தொடங்கியது ஆகிய விவரங்களையும் சொல்லுதல் வேண்டும். இவை தெரியாத மருத்துவர் காய்ச்சலையும் இருமலையும் கண்டு நுரையீரல் அழற்சிக்கு மருந்து கொடுத்தால் அதில் அவர் குறை ஏதுமில்லை. இதய மின்வரைபடமும் நெஞ்சு எக்சு-கதிர்ப் படமும் பெரும்பாலும் உடனே எடுக்கப்படும். வளிமார்பு இருந்தால் குழாய் செருகிக் காற்றை வெளியேற்றுவர்.

மூளைக்குக் காற்று சென்றிருந்தாலும் அழுத்தத் தளர்வு நோய் இருந்தாலும் மறு அழுத்த அறையில் வைத்து ஆக்சிசன் கொடுப்பதே உரிய மருத்துவம். இத்தகைய அறைகள் எல்லா ஊர்களிலும் இருப்பதில்லை. நோயாளியை வேறு ஊருக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால் பாதையின் உயரமும் கவனத்திற்குரியது. உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும். உடலிலுள்ள குமிழ்கள் பெரிதாகும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு மேல் செல்வதைத் தவிர்க்குமாறு மூழ்கு மருத்துவத்தில் அறிவுறுத்தப்படுகின்றது. தூத்துக்குடியிலிருந்து கேரளத்திற்குச் செல்வதாயின் செங்கோட்டை, ஆரியங்காவு வழியைவிட ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் வழி தாழ்வானது. வானூர்தியில் கொண்டுசெல்வதாயின் தாழப் பறக்க வேண்டும், அல்லது உள்ளழுத்தம் கடல்மட்ட அளவில் வைக்கப்பட வேண்டும்.

மீண்டும் கடலில் இறங்குதல்

சாதாரணத் தடுமன் நீங்கி, மருந்தின் உதவியின்றி மூக்கும் செவியும் திறந்து, இருமலும் சளியும் நின்றபின்னரே மூழ்கலாம். காய்ச்சல் விட்டது மட்டும் போதாது. இருமல் காய்ச்சலுக்குப் பின்னும் இரண்டு, மூன்று வாரம் நீடிப்பது வழக்கம். சிறு மூச்சுக்குழாய்களில் சளி தேங்கும் காலமும் அதுவே. நுரையீரல் அழற்சி வந்தவர் எக்சு-கதிர்ப் படம் தெளிந்து மருத்துவர் ஒப்பிய பின்னும், இதயத் தசை அழற்சி வந்தவர் பொதுவாக 3 முதல் 6 மாதம் கடும் உழைப்பைத் தவிர்த்து, இதயப் பரிசோதனைகளுக்குப் பின்னும் மட்டுமே இறங்கலாம். காரணமின்றித் தானே வளிமார்பு ஏற்பட்டவர் அழுத்தக் காற்றைச் சுவாசித்து மூழ்குவதைப் பெரும்பாலும் நிலையாகக் கைவிட வேண்டியிருக்கும்.

இவ்வறிவுரை எழுதுவதற்கு எளிது. முத்துக்குளிப்புக் காலத்தில் மூழ்குநரின் வருவாய் நாட்கூலி அன்று, எடுத்த சிப்பிகளில் ஒரு பங்கே. சங்குகுளிப்பிலும் எடுத்த சங்கைப் பொறுத்தே வருவாய். மூன்று வாரம் இருமும் ஒருவரை மூன்று வாரம் கரையில் இருக்கச் சொல்வது அவ்வீட்டின் அடுப்பைப் பற்றிய பேச்சும் ஆகும். படகில் மூழ்காத வேலைகளும் உள்ளன. குழாயைக் கவனித்தல், கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்ளல், மேலே வருவோரைக் கண்காணித்தல் ஆகியவற்றில் சளி உள்ளவரை ஈடுபடுத்திப் பங்கில் ஒரு பகுதியைத் தருவது, முழு ஓய்வைவிட நடைமுறைக்கு ஏற்றதாகத் தோன்றுகின்றது.

தென்தமிழகத்தின் மழைக்காலம் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை அமைகின்றது. சென்னையில் இன்ஃபுளுவென்சா மிகுவதும் பெரும்பாலும் இம்மாதங்களிலேயே என்று கண்டறியப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் போடப்படும் இன்ஃபுளுவென்சாத் தடுப்பூசியை அதற்குச் சில வாரங்கள் முன்னதாகப் போட்டுக்கொண்டால் எதிர்ப்பாற்றல் உருவாகக் காலம் கிடைக்கும். தடுப்பூசி சாதாரணத் தடுமனைத் தடுக்காது. புகைபிடிப்பவருக்குச் சளி கூடுதலாகச் சுரப்பதோடு அதனை வெளியேற்றும் நுண்மயிர்களும் செயலிழப்பதால், மேலே கூறிய காற்றடைப்பு வாய்ப்பு அவருக்கு எப்போதும் மிகுதி. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடிக்கும் எவரும் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இப்பரிசோதனையும் காசநோய்க்கான மருந்துகளும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன.